வலையில் நின்ற பனி

துடைப்பம் வைக்கிற அறையில்தான் அவள் உடை மாற்றிக்கொள்வாள். கால்பந்து மைதானத்துக் கட்டடத்தில் அணிக்கு ஒன்றாக இரண்டு அறைகளும், ரெஃப்ரிகளுக்கென்று பொதுவாக ஒரு அறையும் உண்டு. அந்தப் பொது அறையில் பக்கத்துத் திடலில் ஊதப் போகிற இரண்டு ஆண்கள் முழங்காலுக்கு மேல் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். கட்டியவர்கள் ரெஃப்ரி என்றால் ஆம்பளை என்று முடிவு கட்டித்தான் செங்கல்லே வைத்திருக்கிறார்கள். அதனால் அவளுக்குக் கிடைத்தது வாளிகளும் பினாயில் டப்பாக்களும் இருந்த அந்த ஒண்டு அறை. ஜன்னல் கிடையாது, ஆனால் சுடுதண்ணீர்க் குழாய் அந்தச் சுவர் வழியாகப் போவதால் கட்டடத்திலேயே கதகதப்பான இடம் அதுதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆண்கள் வந்துவிடுவார்கள்.

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக்கு என்று அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பருத்தி சாக்ஸ், அதன் மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் கறுப்பு சாக்ஸ். பேனா குளிரில் எழுதாது என்பதால் பென்சில், அதுவும் கையுறையோடு பிடிக்கத் தோதான குட்டையான பென்சில். உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும் என்பதை முதல் மாதமே ரத்தம் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு பிளாஸ்டிக் விசிலுக்கு மாறினாள். மஞ்சள் கார்டு இடது சட்டைப் பையில், சிவப்பு பின்பக்கம். விரல் மரத்துப்போனால் எது எது என்று தடவிப் பார்த்துத் தெரியாது, இடத்தை வைத்துத்தான் தெரியும்.

வாரத்தில் மற்ற நாட்களில் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பதினாறு வருஷ சர்வீஸ். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறவள். முப்பத்தொன்பது வயதில் அவளுக்கு விசில் எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. மகளால் வந்தது. மகள் ஆடிய சிறுமியர் அணிக்குத் தொடர்ந்து மூன்று வாரம் ரெஃப்ரி வரவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகளை மூன்று வாரமும் ஆடாமலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் அவள் லீக் செயலாளரிடம் போய், "இதுக்கு யார் வேணும்னாலும் வரலாமா சார்?" என்று கேட்டாள். வரலாம் என்றார் அவர். பேச்சுக்குச் சொல்லியிருப்பார். ஆறு மாலை வகுப்பு, ஒரு எழுத்துப் பரீட்சை, ஒரு ஓட்டப் பரீட்சை. வகுப்பில் இருந்த பதினேழு பேரில் எழுத்தில் அவள் முதல், ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி. கடைசியாக வந்தவர் வாத்தியார் வேலை பார்க்கிற ஒரு பருமனான மனிதர். அவளைத் துரத்திக்கொண்டு வந்ததால்தான் தானும் தேறியதாக இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

லீக்கில் அவளுக்கு அண்ணி என்று பெயர். வைத்தது கொழுந்தன். அவன் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறான், கிடங்கு அணிக்கு அவன்தான் கேப்டன், ஏழாம் நம்பர். அவள் கல்யாணமாகி வந்தபோது பதினான்கு வயதுப் பையன். அவனுடைய கணக்கு நோட்டில் அவன் அண்ணனுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவள் அவள். இப்போது தனி வீடு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் அண்ணி கையால்தான். சீசனின் தொடக்கத்தில் பக்கத்துத் திடலில் அவள் ஊதிக்கொண்டிருந்தபோது அவன் பழக்கத்தில், "அண்ணி, ஷூ லேஸ்!" என்று கத்திவிட்டான். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து லாரி ஓட்டுகிறவனும் ரொட்டி சுடுகிறவனும் எல்லோரும் "அண்ணி" என்றார்கள். அதில் கேலிதான் முக்கால்வாசி. ஒரு நாள், த்ரோ எடுக்க நின்ற ஒருவன், "என்ன அண்ணி, வீட்டுல சமையல் ஆச்சா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆச்சு. உங்களுக்குத்தான் இன்னும் பரிமாறல" என்று அவன் கையில் பந்து இருக்கும்போதே மஞ்சள் கார்டைக் காட்டினாள். நேரத்தைக் கடத்தியதற்கு. அன்றைக்கு எழுந்த சிரிப்பு வேறு சிரிப்பு. அதற்குப் பிறகு அண்ணி என்ற சொல்லில் கேலி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. மார்கழிக் குளிர் இறங்கி, பாதி ரெஃப்ரிகள் இருமலும் முழங்கால் வலியும் சொல்லி விலகிக்கொண்டபோது, பதினோரு ஞாயிறு விடாமல் வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். பனி கொட்டினாலும் திடலில் அண்ணி நிற்பாள் என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள். கொழுந்தன் ஆடுகிற ஆட்டத்தை அவள் ஊதமாட்டாள். முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

சீசனின் கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்குச் செயலாளர் போன் செய்தார். கிடங்கு அணிக்கும் அச்சக அணிக்கும் நடக்கிற ஆட்டத்துக்குப் போட்டிருந்த ரெஃப்ரிக்கு நூற்றிரண்டு காய்ச்சல். மற்றவர்கள் எல்லோரும் வேறு திடல்களில்.

"சார், அது என் கொழுந்தன் டீம்."

"தெரியும்மா. ரெண்டு கேப்டன்கிட்டயும் கேட்டுட்டேன். உங்க கொழுந்தன் சரின்னுட்டார்."

"அவன் சொல்லுவான் சார். அச்சகத்துக்காரங்க?"

"அவங்க கேப்டன் சொன்னதை அப்படியே சொல்றேன். 'அண்ணி ஊதுறாங்கன்னா எங்களுக்கு வேற ஆள் வேணாம்'னார்."

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். அச்சகக் கேப்டன் அவர்களுடைய கோலி, கோல் காக்கிறவர். அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர், நாற்பது தாண்டியவர். போன மாதம் அவருக்கு எதிராக ஒரு பெனால்டி கொடுத்திருந்தாள். மதியச் சாப்பாட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அந்த ஆட்டம் கிடங்கு அணிக்கு வாழ்வா சாவா. ஜெயித்தால் இரண்டாம் பிரிவில் நீடிக்கலாம். சமனானால்கூட மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டும், இறங்கினால் கம்பெனி அணியையே கலைத்துவிடும் என்று பேச்சு. கொழுந்தன் இரண்டு வாரமாகச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தான். அவள் ஆட்டத்துக்கு முன்னால் வழக்கம் போலத் திடலைச் சுற்றி வந்தாள். கொடிக் கம்பங்கள், கோடுகள், கோல் கம்பங்கள். தெற்கு கோலின் பக்கவாட்டு வலையில், கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு பந்து நுழைகிற அளவுக்குக் கிழிசல் இருந்தது. சணல் வாங்கி வந்து, கையுறையைக் கழற்றி, விரல் நுனி நீலம் பாரிக்கிற வரைக்கும் முடிச்சு முடிச்சாக அவளே கட்டினாள். இழுத்தும் பார்த்தாள். நின்றது.

நாணயம் சுண்டும்போது கொழுந்தன் கண்ணைச் சிமிட்டினான். "ஏழாம் நம்பர், பூவா தலையா? சொல்லுங்க" என்றாள் அவள். வீட்டில் அவனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அந்த 'ங்க' அவன் முகத்தில் சுருக்கென்று தைத்தது தெரிந்தது. அச்சகத்துக் கோலி தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

இடைவேளையின்போது ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதி தொடங்கியதும் பனி விழ ஆரம்பித்தது. காற்றில்லாத, ஈரமான, மெத்தென்ற பனி. விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கோடுகள் மறையத் தொடங்க, ஓரத்தில் நின்றவர்கள் மண்வாரியால் அவ்வப்போது வழித்துவிட்டார்கள். பனியில் தெரிய ஆரஞ்சுப் பந்துக்கு மாறினாள். பந்து பெரும்பாலும் நடுத்திடலில்தான் கிடந்து புரண்டது. கிடங்குக்காரர்கள் தெற்கு கோலை நோக்கி முட்டி முட்டிப் பார்த்தார்கள், அடித்த ஐந்தாறும் மேலே போனது, வெளியே போனது, கோலியின் கைக்குள் போனது. எதுவும் வலையைத் தொடவில்லை. நூறு நூற்றைம்பது பேர் கயிற்றுக்கு வெளியே குதித்துக் குதித்துச் சூடேற்றிக்கொண்டு நின்றார்கள். அவளுடைய கடிகாரத்தில் எண்பத்தெட்டு நிமிடம்.

அப்போதுதான் அது நடந்தது. இடது ஓரத்தில் நீளமாக வந்த பந்தைக் கொழுந்தன் ஓடிப் பிடித்தான். ஒருவனைத் தாண்டினான். கோணம் குறுகிவிட்டது, இருந்தும் ஓங்கி அடித்தான். அவள் இருபத்தைந்து அடி பின்னால் இருந்தாள், நடுவில் நான்கு முதுகுகள். முதுகுகள் விலகியபோது பந்து கோலுக்குள் கிடந்தது. கிடங்கு அணி மொத்தமும் கொழுந்தன் மேல் விழுந்து புரண்டது. அவள் விசிலை ஊதி, நடுவட்டத்தைக் கை காட்டினாள். கோல்.

அச்சகத்துக்காரர்களில் மூன்று பேர் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கோலி அவர்களைக் கையால் தடுத்துவிட்டு, தான் மட்டும் நடந்து வந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணி, வலையை ஒரு தடவை வந்து பாருங்க. பார்த்துட்டு நீங்க கோல்னு சொன்னா கோல்தான். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் கொடி பிடித்து நின்றவர் கிடங்கின் ஸ்டோர்கீப்பர். அவரிடம் கேட்டாள். "கண்ணாடி முழுக்கப் பனிம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். பொய்யில்லை, அவர் கண்ணாடி நிஜமாகவே வெள்ளையாக இருந்தது. அவள் கோலை நோக்கி நடந்தாள். பின்னால், "விசிலை ஊதுங்க அண்ணி, நேரமாகுது!" என்று குரல்கள். ஆட்டம் மறுபடி தொடங்குகிற வரைக்கும்தான் ரெஃப்ரி தன் முடிவை மாற்றலாம். தொடங்கிவிட்டால் அந்த ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. அவள் விசிலைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

பக்கவாட்டு வலையில் அவள் போட்ட சணல் முடிச்சு ஈரத்தில் ஊறி அவிழ்ந்து தொங்கியது. அதனால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது. பந்து முன்பக்கமாக உள்ளே போய் விழுந்த வேகத்திலும் முடிச்சு அவிழ்ந்திருக்கலாம். அவள் கோலுக்கு எதிரே வந்து நின்று பார்த்தாள். பின்வலை முழுக்கக் கண்ணிக்குக் கண்ணி பனி உட்கார்ந்திருந்தது, கோலம் போட்டாற்போல வெள்ளையாக, ஒரு இடமும் சிதையாமல். வலது பக்க வலையும் அப்படியே. இடது பக்கத்தில் மட்டும், கிழிசலைச் சுற்றி ஒரு பந்தளவுக்கு, பனி உதிர்ந்து வலைக் கயிறு கறுப்பாகத் தெரிந்தது. பதினாறு வருஷமாகக் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்து, எங்கே முறிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண். அந்த அடி கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் பின்வலையில் இடி மாதிரி மோதியிருக்கும். ஒரு துளிப் பனி அங்கே நின்றிருக்காது.

பந்து வெளியிலிருந்து, கிழிசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

கொழுந்தன் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் பனி. அடித்தவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்டால் போதும். அவள் அவனைப் பார்த்தாள், அவன் வலையைப் பார்த்தான். கேட்கவில்லை. இது அவளுடைய வேலை, அவனுடையதில்லை. அவள் கையை உயர்த்தி, கோல் இல்லை என்று காட்டி, அச்சகத்துக்குக் கோல் கிக் கொடுத்தாள்.

அப்புறம் காதில் விழுந்ததை எல்லாம் அவள் அறிக்கையில் எழுதவில்லை. எழுதக்கூடியதை மட்டும் எழுதினாள். ஒருவனுக்கு மஞ்சள் கார்டு, இன்னொருவனுக்குச் சிவப்பு. கயிற்றுக்கு வெளியே நின்ற யாரோ பனியை உருட்டி எறிந்தார்கள், தோளில் பட்டது. கொழுந்தன் கிட்டே வந்தான். கத்தவில்லை.

"நீங்களா அண்ணி இப்படிப் பண்றீங்க?"

"ஏழாம் நம்பர், தள்ளி நில்லுங்க" என்றாள். கூடுதலாக நான்கு நிமிடம் ஆட வைத்து, ஒன்றுக்கு ஒன்று என்று முடித்து ஊதினாள். கிடங்கு அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது.

துடைப்ப அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். வலையை ஆட்டத்துக்கு முன் பார்த்தேன். கிழிசலை நானே கட்டினேன். கட்டு அவிழ்ந்தது. பார்க்காமல் முதலில் கோல் கொடுத்தது என் தவறு. பார்த்தபின் மாற்றினேன். கோலைப் பற்றி ஐந்து வரி. இரண்டு முறை படித்தாள். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. தவறு என்று தன் கையால் எழுதிய தாளைப் பார்த்து இப்படி நிமிரத் தோன்றுமா என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு முறை வேலை முடிந்து மாலையில் வந்தவரிடம் தம்பி போனில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான். மேஜையில் கொழுந்தனுக்கென்று வைத்த தட்டு கவிழ்த்தபடியே இருந்தது.

"கோல்னு கை காட்டிட்டியாமே. அப்புறம் எதுக்குத் திருப்பின?"

"தப்பாக் காட்டிட்டேங்க."

"தப்புன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

அவர் அவளுடைய ஈர சாக்ஸை எடுத்துப் பிழிந்து ஹீட்டர் மேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "சில நாள் லிஃப்ட்டுல ஏதோ ஒரு சத்தம் வரும். வேற யாருக்கும் கேக்காது, எனக்குக் கேக்கும். உடனே நிறுத்திடுவேன். பதினாறு மாடிக்காரனும் படியேறிக்கிட்டே என்னைத் திட்டுவான்." கடைசி சாக்ஸையும் விரித்தார். "திட்டிட்டுப் போறான்."

அடுத்த ஞாயிறு கொழுந்தன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "சித்தப்பா உன்மேல கோவமாம்மா?" என்று மகள் கேட்டபோது, "இருக்கட்டும், கோவப்பட அவனுக்கு இடம் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டாளே ஒழிய, சாம்பாரில் அன்றைக்கு உப்பில்லை. கிடங்கு அணி அவள் மேல் புகார் கொடுக்கப் போகிறதாம், சொந்தக்காரன் ஆடின ஆட்டத்தில் நேர்மையாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டுமென்றே கோலை மறுத்தாளாம் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் பேச்சு வந்தது. அது அவளைக் குடைந்தது. ராத்திரி படுக்கையில் அந்த வலையை மறுபடி மறுபடி எதிரில் நிறுத்திப் பார்த்தாள். அடித்தவன் வேறு யாராகவோ இருந்தால் அவ்வளவு உற்றுப் பார்த்திருப்பேனா? பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் பனி அதே இடத்தில்தான் உதிர்ந்திருந்தது.

புதன்கிழமை எக்ஸ்ரே அறையில் இருக்கும்போது செயலாளர் கூப்பிட்டார்.

"புகார் வந்துதும்மா. தள்ளுபடி ஆயிடுச்சு."

"விசாரிச்சீங்களா சார்?"

"விசாரணை வரைக்கும் போகவே இல்ல. கேப்டன் கையெழுத்து இல்லாம புகார் செல்லாது. பத்து பேர் போட்டிருக்காங்க, ஏழாம் நம்பருக்கு நேரா மட்டும் காலியா இருக்கு. அது இருக்கட்டும். வர்ற ஞாயிறு மேட்டுத் திடல்ல கோப்பை அரையிறுதி. கமிட்டி உங்களைப் போட்டிருக்கு."

"என்னையா?"

"அஞ்சு வரி எழுதியிருந்தீங்களே, அதைக் கமிட்டியில வாசிச்சுக் காட்டினேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டியது கொழுந்தன். ஞாயிறில்லாத நாளில் வந்ததே அதிசயம். மகள் "சித்தப்பா!" என்று கூவி இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் நேராகச் சமையலறைக்கு வந்து, அவள் வெங்காயம் நறுக்குகிற பலகைக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றான். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.

"பந்து வெளியிலதான் போச்சு அண்ணி. அடிச்ச உடனேயே தெரியும் எனக்கு."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு தெரியும்."

அவன் ஒரு வெங்காயத் துண்டை எடுத்து வாயில் போட்டான். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று கேட்கிற அளவுக்கு அவள் சின்னப் பெண்ணில்லை.

"அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பக்கத்துலதானே நின்னேன்."

"உங்கூட ஆடுற பத்துப் பேருக்கு முன்னாடி வெச்சு உன்னைக் கேக்கச் சொல்றியா? ஆமான்னாலும் உனக்குக் கஷ்டம், இல்லன்னாலும் கஷ்டம். எதுக்குடா உன் தலையில ஏத்தணும்? எனக்குக் கண்ணு இருக்குல்ல."

அவன் தலையை ஆட்டினான். "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல அண்ணி" என்றான், மெதுவாக. "மூணு வாரமா அதைத்தான் யோசிக்கிறேன்."

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"டீமைக் கலைக்கலையாம்" என்றான் அவன் கடைசியில். "மூணாம் பிரிவுல ஆடிக்கோன்னுட்டாங்க. ஜெர்சி மட்டும் பழசு." பிறகு, "நாளைக்கு உங்களுக்கு எங்க?"

"மேட்டுத் திடல். அரையிறுதி."

"கோப்பை அரையிறுதியா? உங்களுக்கா?"

"எனக்குத்தான்" என்றாள். சொல்லும்போது கத்தியை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் அண்ணனைக் கூப்பிட்டான். "அண்ணே, கேட்டியா? அரையிறுதியாம்!" உள்ளேயிருந்து, "எனக்குப் புதன்கிழமையே தெரியும்டா, ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று பதில் வந்தது.

ஞாயிறு காலை மேட்டுத் திடலுக்கு அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். யாரும் வந்திருக்கவில்லை. இரவில் பெய்த பனி புல்லின் நுனி தெரிகிற அளவுக்கு மெல்லிசாக, ஒரு காக்கைக் கால்கூடப் படாமல் பரந்து கிடந்தது. உடம்பைச் சூடேற்ற, ரெஃப்ரி ஓடுகிற வழியில், ஒரு மூலையிலிருந்து குறுக்கே எதிர் மூலைக்கு ஓட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு மூச்சு பிடிபட்டதும் வேகமாக. மறு மூலையில் கொடிக் கம்பத்தைப் பிடித்து நின்று, இரைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய வெள்ளையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே ஒரு ஆள் ஓடிய தடம் பச்சையாகத் தெரிந்தது.